வந்தவருக்குக் கொடுத்த தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: நல்லதண்ணிக் கிணத்து வீடு. சங்கரன்கோவிலில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்புக் கரிக்கும். பருப்பு வேகாது, தலைக்குத் தேய்த்த சீயக்காய் போகாது. எங்கள் புறவாசல் கிணறு மட்டும் என்ன புண்ணியம் செய்ததோ, இனித்தது. தெருவே குடத்தோடு வந்து நிற்கும். கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்து வழி தவறி எங்கள் தெருவுக்குள் நுழைகிறவர்களைக்கூட அம்மா சும்மா விடமாட்டாள். செம்பு நிறைய மொண்டு கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "என்னா ருசி தாயி" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

அந்தக் கிணற்றடியில்தான் என் மகள் வெந்துபோக இருந்தாள். இன்றைக்கும் கிணறு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் வருவது தாகம் இல்லை, பயம்தான்.

எண்பதுகளின் தொடக்கம். தலைப்பிள்ளைப் பேறுகாலத்துக்காக வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் புறவாசல் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அது வந்தது. பெரிய இரும்பு டேங்கைச் சங்கிலி கட்டிக் குழிக்குள் இறக்கியதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. மண்ணைப் போட்டு மூடியதும் எல்லோரும் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டோம். அதற்குப் பிறகு பூமிக்கடியில் அப்படி ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே எங்களில் யாருக்கும் இல்லை.

வந்த மறுநாள் குளிக்க உட்கார்ந்து முதல் செம்பைத் தலையில் ஊற்றியதுமே எனக்குக் குமட்டியது. ஈரச் சேலையோடு அடுக்களைக்குப் போனேன்.

"அம்மா, தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்கு."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பிள்ளைத்தாச்சி மூக்குக்கு எல்லாந்தான் நாறும். நான் உன்னைச் சுமந்தப்ப மல்லியப்பூ நாறுச்சு."

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எதையும் மேலிடத்துக்குத் தள்ளிவிட்டே பழகியவர். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பார்க்க வந்த பெண்களும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் எனக்கே என் மூக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது. பஸ்ஸில் வாடை, சாம்பாரில் வாடை, சொந்தக் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் வாடை என்று இருந்த நேரம் அது. சந்தேகம் வர நியாயம் இருந்தது.

ஆனால் ஒன்றிரண்டு விஷயம் கண்ணை உறுத்தியது. தண்ணீருக்குத் தெருப் பெண்கள் யாரும் வரவில்லை. கேட்டால், "தூர் வாரணும்னு சொல்லிருக்கேன்" என்றாள் அம்மா. குடிக்கிற தவலையில் வெட்டிவேர்க் கட்டு மிதந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு வெட்டிவேர் போடுவது என்பது அதுவரை அம்மாவுக்கு அவமானம். உப்புத்தண்ணிக்காரர்கள் செய்கிற வேலை அது. "சூட்டுக்கு நல்லதுட்டி" என்று வாயை அடைத்துவிட்டாள்.

பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் புறவாசலை ஒட்டிய அறையில் எங்களைப் படுக்க வைத்தார்கள். சன்னலைத் திறந்தால் கிணறு. மத்தியான வெயில் ஏற ஏற அந்த வாடை சன்னல் வழியே உள்ளே வரும். மகளின் மூக்கு ஒரு புளியமுத்து அளவுதான் இருக்கும். அதற்குள் இந்தக் காற்றுப் போய் என்ன செய்யுமோ என்று நினைத்து நினைத்து எனக்கு உறக்கம் வராது. ஈரத்துணியைச் சன்னலில் கட்டினேன். அம்மா வந்து அவிழ்த்துப் போட்டாள். "காத்து வரட்டும், பிள்ளைக்கு வேக்காடு" என்றாள். மறுபடியும் கட்டினேன்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை வேளையில் ஜீப் வந்து நின்றது. அரசாங்க ஆய்வாம். பூமிக்கடியில் எண்ணெய் டேங்க் புதைத்திருக்கிற இடங்களில் எங்கெங்கே கசிய வாய்ப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருகிறார்கள். பனவடலிசத்திரம் சாலை வரை முடித்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். பங்க் மானேஜர்தான் அதிகாரியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர்கள் முன்கூடத்தில், எங்கள் பேச்சில் பட்டாசலில், உட்கார்ந்து பேசியது கதவுக்குப் பின்னால் படுத்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"தினமும் காலையில டேங்குக்குள்ள கோல் விட்டு அளக்கோம் சார்" என்றார் மானேஜர். "கொஞ்சம் குறையத்தான் செய்யி. வெயிலுக்கு ஆவியாப் போகும்லா."

"குறையறது எல்லாம் மேலேதான் போகணும்னு இல்லையே" என்றார் அதிகாரி. மெட்ராஸ் பேச்சு, நிதானமான குரல். "இங்கே கரிசல் மண். மழையில உப்பும், கோடையில வெடிக்கும். வருஷா வருஷம் இப்படிப் பிசைஞ்சா இரும்பு தாங்காது. மண்ணில உப்பு வேற இருக்கு. உள்ளே துரு எவ்வளவு தின்னிருக்குன்னு தோண்டாம தெரியாது. அதனால சுத்தி இருக்கிற கிணத்துத் தண்ணியைப் பரிசோதனைக்கு அனுப்புறோம். நானே இறைச்சு எடுத்துக்கிறேன். கிணறு எங்கே?"

அம்மா வாசல் நிலையை மறித்துக்கொண்டு நின்றாள். "பிள்ளை பெத்த வீடுய்யா. தீட்டு கழியல. அங்கன ஆம்பளையாளு போகப்படாது. பாட்டிலக் குடுங்க, நான் கொண்டாரேன்."

அவர் மரியாதை தெரிந்த மனிதர். வற்புறுத்தவில்லை. அங்கேதான் எல்லாம் கெட்டது. அம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போன பிறகு அவர் அப்பாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பயமுறுத்தறதா நினைக்காதீங்க. பெட்ரோல் இறங்கியிருந்தா தண்ணி மேல மிதக்கும். அதோட ஆவி கிணத்துக்குள்ளேயே தேங்கி நிக்கும். ஒரு நெருப்புப் பொறி விழுந்தாப் போதும். முடிவு வர்ற வரைக்கும் கிணத்துப் பக்கம் விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் வேண்டாம்."

"சரிங்க சார்" என்றார் அப்பா. நான் மகளைச் சன்னலை விட்டுத் தள்ளிப் படுக்க வைத்தேன். என் மூக்கு பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

அம்மா பாட்டிலைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, நிறைத்துக் கொண்டுவந்தாள். அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நூல் மாதிரி ஏதோ மிதக்குதே" என்றார். "கிணத்துல வேர் கெடக்கத்தான் செய்யும் சார்" என்றார் அப்பா. மூடி போட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு எனக்கு இருந்த ஒரே வேலை கிணற்றைக் காவல் காப்பது. அப்பாவிடம் அழுது புறவாசல் வெந்நீர் அடுப்பை முற்றத்துக்கு மாற்ற வைத்தேன். புறவாசலை ஒட்டிய சந்தில் யாராவது பீடியோடு போனால் சன்னல் வழியே கத்துவேன். கைக்குழந்தைக்காரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவிடம் நெருப்பைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. "பொம்பளைகளைப் பதற வைக்கப்படாது" என்று நினைத்தாராம். நான் சொன்னபோது அம்மா, "தண்ணி தீப்பிடிக்குமாம்லா" என்று மானேஜர் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

தீட்டு கழிகிற நாள் நெருங்கியது. குருவிகுளத்திலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. வானம் பார்த்த பூமிக்காரி. ஒரு செம்புத் தண்ணீரில் முகம் கழுவி, கால் கழுவி, மிச்சத்தைக் கறிவேப்பிலைக் கன்றுக்கும் ஊற்றிவிடுவாள். அவளுக்கு எங்கள் கிணறு சாமி.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவள் தீட்டு கழிந்த அன்று குழந்தையோடு கிணற்றடிக்குப் போய், மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி வாளிக்குள் வைத்துக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். குழந்தையின் முகத்தைக் கங்கைக்குக் காட்டுகிறதாம் அது. வெளிச்சம் தண்ணீரைத் தொட்டு அணைந்ததும் முதல் குடம் இறைத்து இடுப்பில் வைத்து வீட்டுக்குள் வரவேண்டும். என்னையும் அப்படித்தான் காட்டியிருக்கிறார்கள்.

நான் மாட்டவே மாட்டேன் என்றேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அத்தை, "படிச்ச திமிரு" என்றாள். அப்பா வழக்கம்போல, "மேலேருந்து முடிவு வரட்டும்" என்றார்.

முடிவு வந்தது. மானேஜர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி அப்பாவைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, தண்ணியப் பாத்துட்டாவளாம். ஒரு சொட்டு எண்ணெ இல்லையாம். உங்க கிணறு தங்கமாம். ஆபீசர் நம்ம டிராவலர்ஸ் பங்களாவுலதான் இருக்காரு, சொல்லிவிட்டாரு." அவருக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது குரலில் தெரிந்தது.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சொல்ல வேண்டியதை எல்லாம் அது சொல்லிவிட்டது. அரசாங்கமே சொன்ன பிறகு நான் எந்த மூஞ்சியோடு மறுப்பது? ஆனால் வாடை அப்படியேதான் இருந்தது. அரசாங்கம் சொன்னதற்காக அது குறைந்துவிடவில்லை. பரிசோதனை பொய்யா, என் மூக்கு பொய்யா என்று தெரியாமல் தவித்தேன். யார் சொன்னதையும் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்க ஒரு காரணமும் கையில் இல்லை. அந்த மாதிரி ஒரு நிலை யாருக்கும் வரக்கூடாது.

சடங்கன்று காலையில் தலைக்கு ஊற்றினார்கள். புதுச் சேலை கட்டினேன். அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எனக்கு நாக்கு வறண்டது. அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். அம்மா தவலையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு தந்தாள். ஒரு மடக்குக் குடித்ததும் உதட்டில் ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தேன். வெட்டிவேரின் ஒரு சின்னச் சிம்பு, நூல் மாதிரி.

நூல் மாதிரி ஏதோ மிதக்குதே என்று அன்று அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது. கிணற்றுக்குள் வெட்டிவேர் எப்படி வரும்?

"அம்மா, அன்னைக்குப் பாட்டில்ல எந்தத் தண்ணிய ஊத்துனே?"

"இதைத்தான். இந்தத் தவலைத் தண்ணிய."

"இது நம்ம கிணத்துத் தண்ணியா?"

தேங்காயையும் பழத்தையும் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னாள், கொஞ்சமும் தடுமாறாமல். "ஸ்டேஷன் பக்கத்துக் கிணத்துல எடுத்தது. தெரு உறங்குத மத்தியானத்துல தினம் போயி எடுத்தாரேன்."

"அவரு நம்ம கிணத்துத் தண்ணியத்தானம்மா கேட்டாரு?"

"கேட்டா? மெட்ராஸ்லேருந்து வீடு தேடி வந்த மனுசனுக்கு நாத்தத் தண்ணியையா குடுப்பாவ? அதைக் கொண்டுபோயி நாலு பேரு பாப்பாவ. நல்லதண்ணிக் கிணத்து வீட்டுத் தண்ணி இந்த லட்சணமான்னு கேக்க மாட்டாவ?"

"அப்ப நாத்தம் உனக்கும் தெரியும்."

கை நின்றது. "தெரியும்" என்றாள் மெதுவாக. "பங்க்காரனுவ லாரி கழுவுத தண்ணி இறங்குதுன்னு நினைச்சேன். கோடை மழைக்குச் சரியாப் போயிரும்னு நினைச்சேன்."

இத்தனை மாதம் என் மூக்கையே என்னைச் சந்தேகப்பட வைத்தவள். முழுப் பூசணிக்காயை வெட்டிவேரில் மறைத்தவள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தவலையைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். அதற்குள் புறவாசலில் குலவைச் சத்தம் கேட்டது. ஆரம்பித்துவிட்டார்கள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பச்சை உடம்பு, தையல் போட்ட இடம் பிய்த்துக்கொண்டு போகிற வலி. அத்தை ஒரு கையில் என் மகளை அணைத்தபடி கிணற்றுச் சுவரை ஒட்டி நின்றாள். சுவர் மேல் வாளி, அதற்குள் வெற்றிலை, அதன் மேல் கற்பூரம். பக்கத்து வீட்டுக்காரி தீக்குச்சியை உரசிவிட்டாள்.

"கொளுத்தாதீங்க!"

எரிகிற குச்சியோடு அவள் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் விரல்களோடு சேர்த்து அந்தக் குச்சியை என் உள்ளங்கைக்குள் அமுக்கினேன். வாளி தடுமாறிக் கல்தரையில் விழுந்து உருண்டது. கற்பூரம் எங்கேயோ போயிற்று. குலவை பாதியில் நின்றது.

"ஏட்டி, பேய் புடிச்சிருக்கா உனக்கு?" என்றாள் அத்தை. நல்ல காரியத்தில் வாளி விழுந்த பதற்றம் அவளுக்கு. நான் முதலில் மகளைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, அங்கிருந்துதான் பேசினேன். என்ன பேசினேன் என்பது நினைவில்லை. அப்பா மட்டும் எழுந்து போய் ஒரு வாளி இறைத்துக்கொண்டு வந்தார். அவர் தானாக ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஏதோ நெளிந்தது. அதை மட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வழித்தெடுத்துக்கொண்டு தெருக்கோடிப் பொட்டலுக்குப் போனார், பங்க் இருக்கிற திசைக்கு எதிர்த்திசையில். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். சிரட்டையைத் தரையில் வைத்து, தள்ளி நின்று, தீக்குச்சியை உரசி எறிந்தார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது விழுந்ததும் பக்கென்று பிடித்தது. சிரட்டையோடு சேர்ந்து எரிந்தது.

"தண்ணி எரியுது தாயி" என்றாள் அத்தை. சத்தமே இல்லாமல் சொன்னாள்.

அம்மா அந்த நெருப்பைப் பார்க்கவில்லை. என் தோளில் கிடந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு கோணியது. "நாத்தம்னுதாம்ட்டி நினைச்சேன்" என்றாள். "நெருப்புன்னு நினைக்கலையே."

எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அப்போது வரவில்லை.

மத்தியானத்துக்குள் அப்பா டிராவலர்ஸ் பங்களாவுக்குப் போய் அதிகாரியை ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பட்டாசலோடு நின்றுவிட்டார். போன தடவை வாங்கிய பாடம் நினைவிருந்தது போலும். அம்மா உள்ளே இருந்து வந்து, "வாங்கய்யா" என்றாள். நான் படுத்திருந்த அறையைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, முன்பின் தெரியாத ஆண்பிள்ளை யாரையும் விடாத புறவாசலுக்கு அவளே அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். தன் கையால் இறைத்தாள். செம்பில் மொண்டு, வீட்டுக்கு வந்த மனிதரிடம் அந்தத் தண்ணீரை நீட்டினாள்.

"இதுதான்யா எங்க தண்ணி. அன்னைக்குக் குடுத்தது எங்களுது இல்ல."

அவர் முகர்ந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் சன்னல் வழியே நான் அம்மாவைப் பார்த்தேன். தலை குனிந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தன் கிணற்றுத் தண்ணீரை வாங்கிய ஒருவர் முகத்தைச் சுளித்தது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் அவளைத் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே அம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பங்கை நிறுத்தினார்கள். அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. பழத்தையும் பொரிகடலையையும் தின்றுவிட்டுப் படுத்தோம். டேங்கில் இருந்ததை இறைத்து எடுத்து, பிறகு தோண்டி வெளியே தூக்கினார்கள். அடிப்பக்கம் துருப்பிடித்து, ஒரு நிலக்கடலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. மானேஜர் அதற்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் கிணற்றைப் பலகை போட்டு மூடி, பிற்பாடு மண்ணைத் தள்ளித் தூர்த்தோம். இப்போது அந்த இடத்தில் ஒரு முருங்கை நிற்கிறது. அதன் காயை நான் தொடமாட்டேன்.

விட்டுப்போன சடங்கைப் பிறகு தெருவுக்குப் புதிதாக வந்த குழாயடியில் செய்தார்கள். அத்தை இரும்புக் குழாய்க்கு மஞ்சள் தடவினாள். பஞ்சாயத்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்க, கீழே வெற்றிலையில் கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வீட்டின் பெயர் ஊர் வாயில் இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. பெயரைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டு யாராவது வந்தால் அம்மா உள்ளே போய் ஒரு செம்பு கொண்டுவருவாள். முன்னைப்போல உடனே நீட்டமாட்டாள். அவர்கள் எதிரிலேயே அண்ணாந்து தன் வாயில் ஒரு மடக்கு ஊற்றி, விழுங்கி, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கொடுப்பாள்.